ஒரு கம்பியைக் கவனிக்க ஒரு பிராசஸரா? நிலவில் அலறிய கணினி சொல்லும் பாடம்

1969 ஜூலை 20. அப்பல்லோ 11 விண்கலத்தின் 'ஈகிள்' நிலவில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நீல் ஆம்ஸ்ட்ராங், பஸ் ஆல்ட்ரின். தரையைத் தொட இன்னும் 7 நிமிடங்கள்தான் இருந்தன. உயரம் சுமார் 10 கிலோமீட்டர்.

அப்போது கணினியில் ஓர் எச்சரிக்கை எண் மின்னியது: 1202.

அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்குமே தெரியவில்லை. இறங்குவதா, திரும்பிவிடுவதா? ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் அந்த முடிவைச் சொல்ல வேண்டியிருந்தவர் 26 வயது ஸ்டீவ் பேல்ஸ். அவருக்குப் பின்னால் உதவிக்கு இருந்தவர் 24 வயது ஜாக் கார்மன். அரை நிமிடத்துக்குள் பதில் போனது: தொடரலாம்.

அதன் பிறகும் எச்சரிக்கை நிற்கவில்லை. 1202 மறுபடி வந்தது, 1201 என்று இன்னொன்றும் வந்தது. ஆனாலும் ஈகிள் பத்திரமாகத் தரையிறங்கியது.

கணினி அலறியதற்குக் காரணம் சாஃப்ட்வேர் பிழை இல்லை, சிப் பழுதும் இல்லை. அந்த நேரத்தில் யாருக்குமே தேவைப்படாத இரண்டு எண்களை அது விடாமல் எண்ணிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

வெளியிலிருந்து வரும் சிக்னல்களைக் கவனிப்பதிலேயே ஒரு பிராசஸர் களைத்துப்போகும் இந்தப் பிரச்னை இன்றும் இருக்கிறது. வாஷிங் மெஷின், 3டி பிரின்டர், ஸ்மார்ட்போன் என எல்லாவற்றையும் வடிவமைப்பவர்கள் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

முதலில், 'கம்பி' என்றால் என்ன?

ஒரு சின்ன கன்ட்ரோலர் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரங்களில் நிறைய பின்கள் இருக்கும். அவற்றில் பலவற்றை நம் விருப்பப்படி உள்ளீடாகவோ வெளியீடாகவோ வைத்துக்கொள்ளலாம். இவற்றைத்தான் ஜிபிஐஓ பின்கள் என்கிறார்கள்.

ஒவ்வொரு பின்னுக்கும் இரண்டே நிலைதான். மின்னழுத்தம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. பட்டன் அழுத்தப்பட்டதா, கதவு மூடியிருக்கிறதா, மோட்டார் ஒரு சுற்று முடித்ததா என்பதெல்லாம் இப்படித்தான் உள்ளே வருகின்றன. விளக்கை எரியவிடுவதும் ஃபேனை நிறுத்துவதும் இதே வழியில் வெளியே போகின்றன.

'இவ்வளவு எளிமையான விஷயத்தில் பிராசஸருக்கு என்ன கஷ்டம்?' என்று தோன்றலாம். 0, 1 என்பதைப் படிப்பதில் கஷ்டமே இல்லை. அது எப்போது மாறும் என்று தெரியாததுதான் கஷ்டம்.

பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றால்?

அடுப்பில் பால் வைத்துவிட்டு, பொங்கிவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு நிற்பது பலருக்கும் பழக்கமான அனுபவம். அந்தப் பத்து நிமிடமும் வேறு வேலை ஓடாது.

பிராசஸர் இதையே செய்தால் அதற்குப் பெயர் போலிங். 'பட்டன் அழுத்தப்பட்டதா? இல்லை. இப்போது? இல்லை. இப்போது?' என்று ஒரு லூப் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பள்ளி புராஜெக்டுகளில் பரவலாகப் பயன்படும் ஆர்டுயினோ ஊனோ போர்டின் கடிகாரம் விநாடிக்கு 1.6 கோடி முறை துடிக்கும். ஒரு மனிதர் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் பட்டனை விநாடிக்குப் பத்துப் பதினைந்து முறைதான் அழுத்த முடியும். அதற்காக லட்சக்கணக்கான முறை எட்டிப் பார்ப்பது முழுக்க வீண்.

ராஸ்பெர்ரி பை போன்ற லினக்ஸ் போர்டில் பைத்தானில் இப்படி ஒரு லூப் எழுதி, நடுவில் சின்ன இடைவெளிகூட விடாமல் ஓடவிட்டுப் பாருங்கள். பிராசஸரின் ஒரு கோர் 100 சதவீதத்தில் போய் நிற்கும். போர்டு சூடாகும். செய்த வேலை என்னவென்று பார்த்தால், 'இல்லை, இல்லை' என்று சொன்னது மட்டும்தான்.

இதற்கு எளிய வைத்தியம், 10 மில்லி விநாடிக்கு ஒரு முறை மட்டும் பார்ப்பது. விநாடிக்கு 100 முறை. விரலால் அழுத்தும் பட்டனுக்கு அது தாராளம்.

அதில் இன்னொரு லாபமும் உண்டு. பட்டனை அழுத்தியதும் உள்ளே இருக்கும் உலோகத் தகடுகள் சில மில்லி விநாடிகள் துள்ளும். ஒருமுறை அழுத்தினாலும் பலமுறை அழுத்தியதுபோல சிக்னல் வரும். இடைவெளி விட்டுப் பார்த்து, அடுத்தடுத்து ஒரே பதில் வந்தால் மட்டும் ஏற்றுக்கொண்டால் அந்தத் துள்ளல் கணக்கில் சேராது.

குக்கர் விசில்: வேண்டும்போது கூப்பிடு

பாலைப் போல குக்கரை யாரும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. விசில் அடித்தால் போய்ப் பார்த்தால் போதும். அதுவரை டிவி பார்க்கலாம், தூங்கவும் செய்யலாம்.

இதுதான் இன்டரப்ட். பின்னின் நிலை மாறியதும் ஹார்டுவேரே பிராசஸரைக் கூப்பிடும். பிராசஸர் கையிலிருக்கும் வேலையை அப்படியே நிறுத்தி, எங்கே விட்டோம் என்று குறித்து வைத்துவிட்டு, வந்த சிக்னலைக் கவனித்துவிட்டு, பழைய வேலைக்குத் திரும்பும்.

டிவி ரிமோட்டின் பேட்டரி மாதக்கணக்கில் தாங்குவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். நீங்கள் பட்டன் அழுத்தாத நேரமெல்லாம் உள்ளே இருக்கும் சிப் ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும். விழித்திருக்கும்போது மில்லி ஆம்பியர் கணக்கில் மின்சாரம் எடுக்கும் சிப், தூங்கும்போது மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். பட்டன்தான் அதை எழுப்பும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் இன்டரப்ட் வைத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல்.

விசில் நிற்காமல் அடித்தால்?

ஒவ்வொரு முறை எழுந்து போவதற்கும் ஒரு செலவு இருக்கிறது. ஊனோவில் இருக்கும் சிப்பில் இன்டரப்ட்டுக்குள் நுழையக் குறைந்தது 4 கடிகாரத் துடிப்புகள், திரும்பி வர 4 துடிப்புகள். செய்துகொண்டிருந்த வேலையைக் குறித்து வைத்து மீட்பதற்கு அதற்கு மேலும் பல துடிப்புகள் ஆகும்.

எப்போதாவது வரும் சிக்னலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால், ஒரு மோட்டாரின் சுழற்சியை அளக்கும் என்கோடரை யோசித்துப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 1,000 கோடுகள் கொண்ட என்கோடரின் இரண்டு கம்பிகளிலும் ஏற்றம், இறக்கம் எல்லாவற்றையும் எண்ணினால் சுற்றுக்கு 4,000 மாற்றங்கள். மோட்டார் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால், விநாடிக்கு 50 சுற்றுகள். ஆக, விநாடிக்கு 2 லட்சம் மாற்றங்கள்.

1.6 கோடித் துடிப்புகளை 2 லட்சத்தால் வகுத்தால் ஒரு மாற்றத்துக்குக் கிடைப்பது வெறும் 80 துடிப்புகள். உள்ளே போய் எண்ணிவிட்டு வருவதற்கே அதில் பெரும்பகுதி போய்விடும். மோட்டாரை எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று யோசிக்க நேரமே மிஞ்சாது. சில மாற்றங்களைத் தவறவிட்டால் இயந்திரத்தின் கை எங்கே நிற்கிறது என்ற கணக்கும் பிசகும்.

பார்த்துக்கொண்டே நின்றால் நேரம் வீண். கூப்பிடும்போதெல்லாம் ஓடினாலும் நேரம் போதவில்லை. அப்போ என்னதான் பண்றது?

எண்ணுவதற்குத் தனி ஆள்

'மூணு விசில் வந்ததும் சொல்லு' என்று வீட்டில் இன்னொருவரிடம் சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம் இல்லையா? சிப்புக்குள்ளும் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிராசஸர் கிடையாது, ஒரே ஒரு வேலை தெரிந்த சின்ன சர்க்யூட்கள்.

கவுன்ட்டர்: பின்னில் வரும் துடிப்புகளைத் தானாகவே எண்ணும். எஸ்டிஎம்32 வகை சிப்களின் டைமர்களில் என்கோடருக்கென்றே தனி மோட் உண்டு. விநாடிக்கு 2 லட்சம் மாற்றங்கள் வந்தாலும் பிராசஸருக்குத் தெரியாது. தேவைப்படும்போது ஒரு எண்ணைப் படித்துக்கொண்டால் போதும்.

டைமர்: விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கவோ ஃபேனின் வேகத்தை மாற்றவோ ஒரு பின்னை வேகமாக ஆன், ஆஃப் செய்ய வேண்டும். எவ்வளவு நேரம் ஆன், எவ்வளவு நேரம் ஆஃப் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் டைமர் அதைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும்.

டிஎம்ஏ: மெமரிக்கும் வெளியிலிருக்கும் சாதனத்துக்கும் இடையே தரவைச் சுமக்கும் கூலியாள். ஆயிரம் மூட்டை இறக்க வேண்டுமென்றால் முதலாளி ஒவ்வொரு மூட்டைக்கும் எழுந்து வர வேண்டியதில்லை. 'எல்லாம் இறக்கியாச்சு' என்று கடைசியில் ஒரு முறை சொன்னால் போதும்.

கேட்கும்போது பிரச்னை முடிந்துவிட்டதுபோல இருக்கிறது. ஆனால் அப்பல்லோ கணினியில் இப்படி ஓர் எண்ணும் ஏற்பாடு 1969லேயே இருந்தது. அப்படியிருந்தும் அது திணறியது. ஏன்?

சரி, நிலவில் என்ன ஆனது?

ஈகிளில் இரண்டு ரேடார்கள் இருந்தன. ஒன்று தரையைப் பார்க்க. மற்றொன்று, நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலமான 'கொலம்பியா'வைத் தேடிச் சேர. இரண்டாவது ரேடார் இறங்கும்போது தேவையில்லை. ஆனால் அவசரமாகத் திரும்ப நேர்ந்தால் உதவும் என்பதால் அதுவும் ஆனில் இருந்தது.

அந்த ரேடாரின் ஆன்டெனா எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை இரண்டு எண்களாகக் கணினிக்குச் சொல்ல ஒரு சர்க்யூட் இருந்தது. ஆன்டெனா அசைந்தால் ஒரு துடிப்பு அனுப்பும். கணினி ஒன்றைக் கூட்டிக்கொள்ளும் அல்லது கழித்துக்கொள்ளும்.

ரேடாருக்கும் கணினி அமைப்புக்கும் தனித்தனியாக 800 ஹெர்ட்ஸ் மின்சாரம் போனது. இரண்டின் அதிர்வெண்ணும் ஒன்றுதான். ஆனால் ஏற்ற இறக்கம் ஒரே தாளத்தில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு செய்யப்படவில்லை. சுவிட்ச் இருந்த நிலையில், அந்தத் தாளப் பிசகைச் சர்க்யூட் தவறாகப் புரிந்துகொண்டது. அசையாத ஆன்டெனா ஓயாமல் அசைவதாக நினைத்து, ஒவ்வொரு கோணத்துக்கும் விநாடிக்கு 6,400 துடிப்புகள் வரை அனுப்பத் தொடங்கியது. இரண்டுக்கும் சேர்த்து 12,800.

துடிப்பை எண்ண அந்தக் கணினி புரோகிராமை நிறுத்திவிட்டு ஓடவில்லைதான். ஆனால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் மெமரியை ஒருமுறை தொட வேண்டும். அதற்கு 11.7 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் புரோகிராம் காத்திருக்கும். 12,800 முறை என்றால்? விநாடிக்குச் சுமார் 150 மில்லி விநாடி. அதாவது, கணினியின் மொத்த நேரத்தில் 15 சதவீதம் வரை காலி.

சாதாரண நேரமாக இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். இறங்கும் நேரம்தான் அந்தக் கணினிக்கு அதிக வேலை உள்ள நேரம். அதன் நேரத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. இந்தத் திருட்டும் சேர்ந்ததும், 2 விநாடிக்கு ஒரு முறை செய்ய வேண்டிய வழிகாட்டும் கணக்கு முடிவதற்குள் அடுத்த கணக்கு வந்து நின்றது. வேலைகள் குவிந்தன. புதிய வேலையைக் குறித்துவைக்க இடமில்லாமல்போனதும் 1202 மின்னியது.

காப்பாற்றியது எது? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எழுதப்பட்ட அந்த சாஃப்ட்வேரின் அடிப்படையிலேயே முன்னுரிமை என்ற ஏற்பாடு இருந்தது. நெரிசல் வந்ததும் கணினி தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. இன்ஜினையும் திசையையும் கட்டுப்படுத்தும் வேலைகளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. திரையில் எண் காட்டுவது போன்ற அவசரமில்லாத வேலைகளைக் கைவிட்டது. ஒரு குறிப்பிட்ட எண்ணைத் திரையில் வரவழைக்கும்போதுதான் எச்சரிக்கை வருகிறது என்று ஆல்ட்ரினும் கவனித்துச் சொன்னார். அந்த எண்ணைப் பூமியிலிருந்தே பார்த்துச் சொல்வதாக ஹூஸ்டன் பொறுப்பேற்றது.

இன்னொரு காரணமும் உண்டு. சில நாட்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இதே மாதிரி ஓர் எச்சரிக்கை வந்தபோது, தேவையில்லாமல் பயணத்தைக் கைவிடச் சொன்னார் பேல்ஸ். அதன் பிறகுதான் எல்லா எச்சரிக்கைகளையும் ஆராய்ந்து கையால் ஒரு பட்டியல் எழுதி வைத்தார் கார்மன். அந்தப் பட்டியல்தான் அன்றைக்குக் கைகொடுத்தது.

4 டாலர் போர்டுக்குள் 8 உதவியாளர்கள்

இன்றைய வடிவமைப்பாளர்கள் இந்த வேலையைப் பிராசஸரின் நேரத்தைத் தொடாமலே முடிக்கப் பார்க்கிறார்கள். அதற்கு நல்ல உதாரணம், 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெர்ரி பை பைக்கோ.

அதிலுள்ள ஆர்பி2040 சிப்பில் இரண்டு கோர்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே பிஐஓ என்ற பகுதியும் இருக்கிறது. அதில் 8 குட்டி இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் தெரிந்தது 9 வகைக் கட்டளைகள் மட்டுமே. நான்கு இயந்திரங்களுக்குச் சேர்த்து 32 கட்டளைகள் எழுதத்தான் இடம். கேட்கவே பரிதாபமாக இருக்கிறதா? ஒரு கம்பியைக் கவனிக்க அது போதும்.

வண்ணம் மாறும் எல்இடி பட்டைகளைப் பாருங்கள். அவற்றில் பிரபலமான டபிள்யூஎஸ்2812 வகை விளக்கு ஒன்றுக்கு 24 பிட் தரவு அனுப்ப வேண்டும். ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ விநாடி. எனவே ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ விநாடி, 300 விளக்குகளுக்கு 9 மில்லி விநாடி. விநாடிக்கு 30 முறை படம் மாற்றினால் 270 மில்லி விநாடி அதிலேயே போய்விடும். நான்கில் ஒரு பங்குக்கும் மேல்!

ஊனோ போன்ற போர்டில் இந்த நேரம் முழுக்க இன்டரப்ட்களையும் அணைத்து வைக்க வேண்டியிருக்கும். நடுவில் யாராவது கூப்பிட்டால் நேரம் பிசகி, வண்ணம் மாறிவிடும் என்பதே காரணம். பைக்கோவில் ஒரு பிஐஓ இயந்திரம் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், டிஎம்ஏ அதற்குத் தரவை எடுத்துக் கொடுக்கும். பிராசஸரின் இரண்டு கோர்களும் சும்மா இருக்கலாம். 2024ல் வந்த ஆர்பி2350 சிப்பில் இந்த இயந்திரங்களின் எண்ணிக்கை 12 ஆனது.

பீகிள்போன் பிளாக் போர்டும் இதே வழியில் போனதுதான். லினக்ஸ் ஓடும் பெரிய பிராசஸருக்குப் பக்கத்தில், 5 நானோ விநாடிக்கு ஒரு கட்டளை என்ற வேகத்தில் இயங்கும் இரண்டு சின்ன பிராசஸர்கள் அதில் உண்டு. லினக்ஸ் வேறு வேலையில் இருந்தாலும் மோட்டாருக்குப் போகும் துடிப்பு நேரம் தவறாது.

உங்கள் பாக்கெட்டிலும் இதுதான் நடக்கிறது

போன் லாக் ஆகி பாக்கெட்டில் கிடக்கிறது. ஆனாலும் மாலையில் எடுத்துப் பார்த்தால் இன்று எத்தனை அடி நடந்தீர்கள் என்று சரியாகச் சொல்கிறது. அதற்காக முக்கிய பிராசஸர் நாள் முழுக்க விழித்திருந்தால் பேட்டரி சாயங்காலம் வரை தாங்காது.

2013ல் வந்த ஐபோன் 5எஸ் மாடலில் ஆப்பிள் இதற்கென்றே எம்7 என்ற தனி சிப்பை வைத்தது. அசைவு சென்சார்களைக் கவனிப்பது மட்டும்தான் அதன் வேலை. பெரிய பிராசஸர் தூங்கும்போது இது அடிகளை எண்ணிக்கொண்டிருக்கும். நிலவுக்குப் போன கணினி தன் நேரத்திலிருந்து எடுத்துச் செய்த எண்ணும் வேலை, இங்கே வேறொரு ஆளிடம் முழுதாக ஒப்படைக்கப்பட்டுவிட்டது.

நீங்களே ஒரு போர்டு வைத்து முயற்சி செய்கிறீர்களா?

* கை அழுத்தும் பட்டன், கதவு சென்சார் போன்றவற்றுக்கு: இடைவெளி விட்டுப் பார்த்தாலே போதும். லூப்பில் ஒரு சின்ன ஓய்வு கொடுங்கள்.
* பேட்டரியில் ஓடும் சாதனம், எப்போதாவது வரும் சிக்னல்: இன்டரப்ட் வைத்து, மீதி நேரம் சிப்பைத் தூங்க விடுங்கள். இன்டரப்ட்டுக்குள் நீளமான வேலை வேண்டாம். குறித்து வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.
* வேகமான துடிப்புகள்: எண்ண கவுன்ட்டர், உருவாக்க டைமர், மொத்தமாக அனுப்ப டிஎம்ஏ. உங்கள் சிப்பில் என்னென்ன இருக்கிறது என்று கையேட்டில் ஒருமுறை பாருங்கள்.
* பல பின்களை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டுமா? ஒவ்வொன்றாக மாற்றாதீர்கள். ஊனோவில் 'டிஜிட்டல்ரைட்' கட்டளை ஒரு பின்னுக்கே சில மைக்ரோ விநாடிகள் எடுக்கும். போர்ட்டுக்கு நேரடியாக எழுதினால் 8 பின்கள் வரை ஒரே மூச்சில் மாறும்.
* லினக்ஸ் போர்டு என்றால்: ஒவ்வொரு பின்னையும் ஒரு ஃபைலாகத் திறந்து படிக்கும் பழைய முறையை விடுங்கள். லினக்ஸ் 4.8ல் வந்த புதிய முறையில் 64 பின்கள் வரை ஒரே கோரிக்கையில் கையாளலாம். மாற்றம் வரும்வரை புரோகிராம் பிராசஸரைத் தொடாமல் காத்திருக்கவும் முடியும்.

எந்த வழியை எடுத்தாலும் கடைசியில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கம்பியில் விநாடிக்கு அதிகபட்சம் எத்தனை மாற்றங்கள் வரலாம்? சென்சார் பழுதாகி, ஓயாமல் துடிக்க ஆரம்பித்தால் என்னாகும்? அப்போது எந்த வேலையைக் கைவிடலாம், எதைக் கைவிடவே கூடாது?

ஈகிள் கணினியில் முதல் கேள்விக்கான பதில் தவறிப்போனது. 'எதைக் கைவிடவே கூடாது' என்ற கேள்விக்கு மட்டும் முன்கூட்டியே பதில் எழுதப்பட்டிருந்தது. அதனால்தான் இரண்டு பேர் நிலவில் கால்வைத்தார்கள், வீடும் திரும்பினார்கள்.